ஞாயிறு வாசிப்பு: டிபி கதைகள்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு, வழக்கம்போல ராயபுரம் மொட்டை மாடியில. மழை வந்தா கீழ் வீட்டு ஹால்.

இளையோர் கதை நாலு வந்திருக்கு. நாலுலயும் டிபி வந்த பசங்க. ஆனா ரெண்டுல கடைசியில கைக்குட்டையில ரத்தம், அப்புறம் சாவு. பழைய சினிமா பழக்கம் நம்மள விட்டுப் போகல! சாதாரண டிபிக்கு 6 மாசம் மாத்திரையை விடாம போட்டா பெரும்பாலும் குணமாயிடும். ஆஸ்பத்திரியிலயே கிடக்க வேணாம், வீட்டுலயே மருந்து போதும்னு உலகத்துக்குக் காட்டினதே 1950கள்ல நம்ம மெட்ராஸ்ல நடந்த ஆய்வுதான்.

கதை வேற இடத்துல இருக்கு. டிபி மருந்துல ஒண்ணான ரிஃபாம்பிசின் போட்டா மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும். காசிமேட்டுல நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். 15 வயசுப் பொண்ணு அதை எப்படி மறைப்பா? தனித்தட்டு, தனி டம்ளர் எடுத்து வெச்ச ஆயாகிட்ட (தட்டால பரவாது, காத்துலதான்) என்ன பேசுவா? அதை எழுதுங்க.

திருத்தினதை வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க போடுங்க. சொந்த அனுபவம் இருக்கறவங்க குழுவுல சொல்லணும்னு இல்ல, எனக்குத் தனியா அனுப்பினா போதும். பேர் வெளிய வராது.