கார்ட்ரைட்டின் முதல் தறியை முழுசாகச் சொல்லுங்கள்

நெசவுத் தொழில்நுட்பப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். “1785இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறியைக் கண்டுபிடித்தார்” என்ற ஒற்றை வரியோடு அவரை முடித்துவிடாதீர்கள். தறி கற்க வரும் பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அவர் நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, லெஸ்டர்ஷயரில் கோட்பி மார்வுட் ஊரின் ஆங்கிலிக்கன் பாதிரியார். 1784இல் மேட்லாக்கில் மான்செஸ்டர்காரர்கள் சிலர், இயந்திரத்தால் நூல் நூற்கும் ஆர்க்ரைட்டின் நூற்பாலைகள் பெருகினால் அத்தனை நூலையும் நெய்ய ஆள் கிடைக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நெசவுக்கும் இயந்திரம் செய்யலாமே என்றார் இவர். முடியாது என்றவர்களிடம், லண்டனில் காட்டப்பட்ட சதுரங்கம் ஆடும் பொம்மையை உதாரணம் காட்டினார். அந்தப் பொம்மைக்குள் ஆள் ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது.

தறி ஓடி அவர் பார்த்ததே இல்லை. தச்சரையும் கொல்லரையும் வைத்துச் செய்த முதல் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல்கள், செங்குத்தாக நின்றது. குறுக்கு நூலான ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற ரீடு குறைந்தது 25 கிலோ கனத்தோடு விழுந்தது. கைத்தறியில் ரீடு மேலிருந்து தொங்கி ஆடுவதால் இழுத்துவிட்டால் போதும். இங்கேயோ ஒவ்வொரு ஊடைக்கும் அத்தனை கனத்தையும் தூக்கியாக வேண்டும். ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை எறியும் ஸ்பிரிங்குகளும் அளவுக்கு மீறிய வலுவோடு இருந்தன. வலுவான இரண்டு ஆட்கள் மெதுவாக, கொஞ்ச நேரம்தான் ஓட்ட முடிந்தது. காப்புரிமை வாங்கிய பிறகே மற்றவர்கள் நெய்வதைப் போய்ப் பார்த்தார். பார்த்ததும் தறியை அடியோடு மாற்றினார். இழை அறுந்தால் தறி தானே நிற்கும் அமைப்பும் பின்னால் சேர்ந்தது.

அப்போதும், பாவு நூல் அறாமலிருக்கப் போடும் கஞ்சி காலை வாரியது. பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து, தறியிலேயே கஞ்சி தடவிக் காயவைக்க, ஓடும் தறியை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. தறிக்கு ஓர் ஆள் நின்றே ஆக வேண்டுமென்றால் விசையால் என்ன மிச்சம்? தறிக்குப் போகுமுன்பே பாவு முழுவதற்கும் கஞ்சி போடும் இயந்திரத்தை 1803-04 வாக்கில் ஸ்டாக்போர்ட்டில் ராட்கிளிஃபும் ஜான்சனும் கொண்டுவந்த பிறகே விசைத்தறி லாபம் தரும் பக்கம் திரும்பியது. அதற்குள் கார்ட்ரைட்டின் டான்காஸ்டர் ஆலை கைவிட்டுப் போயிருந்தது. அவர் தறிகளை வாங்கிய மான்செஸ்டர் ஆலையும் எரிக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் 1809இல் தந்த 10,000 பவுண்டுதான் அவருக்கு ஈடு.

முதல் தறியின் படத்தை அளவுகளோடு போடுங்கள். ரீடின் கனத்தை மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சைசிங் எனும் கஞ்சி போடும் பாடத்தை வேறெங்கோ தள்ளாமல் கார்ட்ரைட்டுக்கு அடுத்த பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
நெசவுத் தொழிலில் இருப்போர்