ஜனதா வாட்சின் மதிப்பு டயலில் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய கைக்கடிகாரங்கள் பற்றி வந்த கட்டுரையில் அரசு நிறுவனமான எச்எம்டியின் ஜனதா வாட்சை, தினமும் சாவி கொடுக்கணும், நேரமும் தவறும், இதற்கு எதற்கு இவ்வளவு விலை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா கட்டியிருந்த ஜனதா இப்போது என் கையில் ஓடுகிறது. வெள்ளை டயல், நாகரி (இந்தி) எழுத்தில் பெயர், ஒல்லியான முட்கள், தேதிகூடக் கிடையாது. நிமிட முள்ளின் நுனி ஓரத்துக் கோடுகள் வரை போய் நிற்கும், அதனால் 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தால் போதும், மணி தெரிந்துவிடும். டிசைன் என்றால் எனக்கு இதுதான்.

நேரம் கொஞ்சம் முன்பின் ஆவது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது உராய்வைக் குறைக்க 17 சின்னக் கல் வைத்த, செல்லே தேவைப்படாத மெஷின். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழி வந்தது. எங்கள் தெருமுனையில் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுகிறார். மேல் கண்ணாடி அக்ரிலிக், சின்னக் கீறல் என்றால் பற்பசை வைத்துத் தேய்த்தாலே மறைந்துவிடும். சென்னை வியர்வை மட்டும்தான் ஆகாது, சாவி கொடுக்கும் திருகு வழியாக ஈரம் இறங்கித் துருப்பிடிக்கும், ராத்திரி கழற்றித் துடைத்து வைக்கவேண்டும்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது வேறு. 2016இல் எச்எம்டி வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து பழைய வாட்சைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களை நம்பியே டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். நானும் தம்பிக்காக ஆன்லைனில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். ஆரஞ்சு டயல், பளபளவென்று இருந்தது. பெரியவர் லென்ஸ் வழியாகக் காட்டினார்: எழுத்து தடித்து மை கசிந்திருந்தது, நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறி நின்றன, முள்ளும் வேறு ஏதோ வாட்சுடையது. அப்புறம் அந்தக் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை.

அசல் டயலையும் இப்படிப் பெயின்ட் அடித்த டயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய படமாக ஒருமுறை போடுங்கள். என் வாட்ச் வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை