உப்புக் கல்லுக்குள் ஜோடி இல்லை

பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. செந்தூல் வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலிதான் குறைந்தபாடில்லை. ஆனாலும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறியே தீருவேன் என்கிறார்.

படிவம் நான்கில் அயனிப் பிணைப்பு என்றாலே மகள் முகம் சுளிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். என் தியூஷன் பிள்ளைகளும் தடுமாறும் இடம் அதுதான். எலக்ட்ரான்கள் கூடுகளில் அடுக்கியிருக்கும் வரிசை சோடியத்தில் 2.8.1, குளோரினில் 2.8.7, ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கும், இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு, இப்படி மின்சுமை பெற்றவைதான் அயனிகள். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். உப்பு உருக ஏன் 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

எலக்ட்ரான் கைமாறுவதைக் காட்டும் அம்புக்குறிப் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு, ஒரு சோடியமும் ஒரு குளோரினும் ஜோடி சேர்ந்து மூலக்கூறாகிவிட்டது போலத் தோன்றுகிறது. உப்பில் அப்படி ஜோடியே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். படிகத்தின் விளிம்பு வரை இதே அடுக்குதான். லாரன்ஸ் பிராக் 1913இல் எக்ஸ் கதிரை வைத்து இதைக் கண்டார். அப்போது அவர் இளைஞர். 25 வயதில் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். சோடியம் குளோரைடின் வாய்பாடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது.

இன்னொன்று, சோடியம் எலக்ட்ரானைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாது. வாயு நிலையில் இருக்கும் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து அதைப் பிடுங்க ஏறக்குறைய 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். நட்டக் கணக்கு! ஆனால் அந்த அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாகும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியாகிறது. இந்த இழுப்புக்குத்தான் அயனிப் பிணைப்பு என்று பெயர். எலக்ட்ரான் கைமாறுவது அதற்கு முந்தைய கதை. எட்டு நிறைந்ததோடு பாடத்தை முடித்துவிடுவது எனக்கு மனத்தாங்கல்தான்.

எண்களை அவள் மனப்பாடம் செய்ய வேண்டாம். இழுப்பு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மெக்னீசியம் ஆக்சைடில் அயனிகளின் மின்சுமை இரண்டிரண்டு. அதனால் அது உருக 2,800 டிகிரிக்கும் மேல் தேவை. திட உப்பில் அயனிகள் நகர முடியாது, மின்சாரம் பாயாது. உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ பாயும்.

ஒரு வேலை சொல். வெந்நீரில் உப்பை நன்றாகக் கரைத்து, தட்டில் ஊற்றிச் சன்னலோரம் வைக்கட்டும். நீர் வற்றியதும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். பெரிய கல்லாகப் பார்த்து ஒன்றைக் கரண்டியால் தட்டினால், நசுங்காது. பட்டென்று தட்டையான முகங்களோடு உடையும். தட்டுகிற வேகத்தில் ஓர் அடுக்கு நகர்ந்து, ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து தள்ளிக்கொள்வதால் வருகிற உடைவு அது. ஏன் என்று அவளையே யோசிக்க விடு, நீ சொல்லிவிடாதே.

பள்ளி விடுமுறைக்கு அவளை இங்கே அழைத்து வா. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. காய்ந்த உப்பிலும் உப்பு நீரிலும் வைத்துப் பார்க்கலாம். அப்புறம், அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பை அதுவரை தொட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்