தென்காசிச் சாரலும் பாளையங்கோட்டைக் காற்றும்

பாளையங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள சேக்காளிக்கு,

இங்கே எல்லாரும் நலம். இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு உன் கைக்கு வந்திருப்பதும், அங்கே சாரல் தொடங்கிவிட்டதும் அறிந்து சந்தோஷம். இங்கே வெறும் மேல்காற்றுதான். மேகம் தலைக்கு மேலே ஓடுகிறது, சொட்டு விழக் காணோம்.

வானிலை, காலநிலை இரண்டையும் எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்டிருந்தாய். வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போடாதே; மனப்பாடம் செய்துவிட்டு இரண்டையும் மாற்றி எழுதுவார்கள். முதலில் அளக்கட்டும். இன்றைக்கு நோட்டில் எழுதுகிற எண் வானிலை. அதே இடத்தில் வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த நோட்டு சொல்வது காலநிலை. வழக்கமாக 30 வருஷக் கணக்கை வைத்துத்தான் ஓர் ஊரின் காலநிலையைச் சொல்கிறார்கள். "உங்க அப்பா பிறந்ததிலேருந்து தினமும் எழுதிவெச்ச மாதிரி" என்று சொல்லிப் பார், பிடித்துக்கொள்வார்கள்.

மழைமானிக்கு 2 லிட்டர் கலர் (குளிர்பான) பாட்டில் போதும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் வேண்டாம். பக்கவாட்டு நேராக இருக்கவேண்டும். மேலே குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டைத் தலைகீழாக உள்ளே பொருத்தி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டு. இந்தப் புனல் இருந்தால் விழுந்த தண்ணீர் வெயிலில் சீக்கிரம் ஆவியாகாது. வாயும் பாட்டிலும் ஒரே அகலம் என்பதால் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அத்தனை மில்லிமீட்டர் மழை. 10 செ.மீ. புனலை 5 செ.மீ. அகல பாட்டிலில் வைத்தால் தண்ணீர் நாலு மடங்கு உயரம் காட்டும். அந்த வகுத்தல் கணக்கு மூன்றாம் வகுப்புக்கு ஆகாது.

அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதை 0 என்று குறித்தால், இரண்டு நாள் வெயிலில் அந்தத் தண்ணீர் குறைந்து, அடுத்து வரும் மழை அந்தப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். அதனால் சிமெண்டைக் குழைத்து ஊற்றி மட்டமாக்கி ஒரு நாள் காயவிடு. ஆடிக்காற்றில் சாயாமல் கனமாகவும் நிற்கும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பள்ளிக்கூட ஸ்கேலின் ஓரத்துக்கும் 0 கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. ஸ்கேலை அப்படியே ஒட்டினால் தினமும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாகவே வரும். சாரலில் அது அன்றைய மழை முழுவதையும் விழுங்கிவிடும்! 0 கோடு சிமெண்ட் மட்டத்தில் சரியாக நிற்கவேண்டும்.

வேப்பமரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் வைக்காதே. சுவர் 3 மீட்டர் உயரம் என்றால் 6 மீட்டராவது தள்ளி வை. வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால் மண்தெறிப்பு விழாது. தினமும் காலை 8.30-க்கு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, தண்ணீரின் நடுவே குழிந்திருக்கும் அடிமட்டத்தைப் படிக்கச் சொல். எழுதியதும் கொட்டிவிடவேண்டும். மண் நனைந்தும் பாட்டிலில் ஒன்றும் இல்லையென்றால் 0 போடக்கூடாது, "தூறல்" என்று எழுதட்டும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறைக்கு அது மழைநாள்.

காற்றுக்கு நம் தமிழே பாடம். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து மேல்காற்று. எல்லாமே வருகிற திசையின் பெயர். இது மனசில் நின்றுவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்ற பெயர்களும் விளங்கும். காற்றின் திசை காட்ட உறிஞ்சுகுழலில் அம்பு செய்யும்போது வால் அட்டை தலையைவிடப் பெரிதாக இருக்கட்டும். அப்போதுதான் தலை காற்று வரும் பக்கம் திரும்பும்.

வெப்பமானிக்கு டாக்டர் வைக்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சிவப்புத் திரவம் உள்ள சுவர் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், நாலடி உயரத்தில் தொங்கவிடு. தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இனி எனக்கு ஆசையான பாடம். ஒரே நாளில் உங்கள் பாட்டிலில் 8 மி.மீ., எங்கள் பாட்டிலில் 0 என்று வந்தால் பிள்ளைகள் தாங்களே ஏன் என்று கேட்பார்கள். அரபிக்கடலில் ஈரம் ஏந்திவரும் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. மிச்சத்தில் கொஞ்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலைமுகட்டைத் தாண்டியும் குற்றாலம், தென்காசிக்குச் சாரலாக வருகிறது. பிறகு சமவெளிக்கு இறங்க இறங்கச் சூடாகி, எங்களிடம் வரும்போது உலர்ந்துவிடுகிறது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைதான் கதி.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் பேசப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அப்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்தக் கரையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரியைவிட அதிகம். நம் பாட்டிலில் 20 செ.மீ. பிடிக்கும் என்று வைத்தால், நாலு தடவை நிரம்பியும் 15 செ.மீ. மிச்சம். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல். அது அன்றைய வானிலை. அந்த ஒரு நாளால் காயல்பட்டினம் சிரபுஞ்சி ஆகிவிடாது. அப்படிப்பட்ட நாட்கள் வரவர அதிகமாகின்றனவா என்று பார்க்கத்தான் நீண்டகால நோட்டு வேண்டும்.

ஆடி முதல் தேதியிலிருந்து எங்கள் பிள்ளைகள் எழுதத் தொடங்குகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் அன்றைக்கே தொடங்கட்டும். சனிக்கிழமைதோறும் வாரக் கணக்கை ஒரு அஞ்சலட்டையில் அனுப்பு, இங்கிருந்தும் வரும். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைப் பார்க்கப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனை இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
உன் சேக்காளி