மாமா, அன்றைக்கு நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது. நேரில் சொன்னால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். அதோடு, அன்றைக்கு அந்தப் பேச்சைப் பத்துப் பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிலும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

மேல் லைன் வீட்டில் இருக்கிற அந்த அக்காவின் கிடேரிக் கன்றைச் சிறுத்தை அடித்துப்போட்டது. ஏழு மாதக் கன்று, இன்னும் இரண்டு வருடத்தில் கறவைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வளர்த்தது. ஃபாரஸ்ட் கார்டு வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், புதைத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள்தான் கடையில் அந்தப் பையன் சொன்னான், "அடுத்த தடவை அடிச்சா யாருக்கும் சொல்ல வேணாம், கன்னு மேலயே பூச்சி மருந்த ஊத்தி வச்சிட்டா ரெண்டு நாள்ல கதை முடிஞ்சிரும்." எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் சிறுத்தையைப் பற்றிப் பேச உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க காலத்துல நாங்க காட்டைக் கட்டுக்குள்ள வச்சிருந்தோம், சட்டம் வந்துதான் எல்லாம் கெட்டுச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள் மாமா.

காட்டை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். கடமான் உரசிய மரம் எது, கரடி சுரண்டிய புற்று எது, சோலைக்குள் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து கற்றது. அதனால்தான் உங்களிடம் வருத்தப்பட எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

"கட்டுக்குள்ள வச்சிருந்தோம்" என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எஸ்டேட்டில் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டராகச் சேர்ந்து, துரைக்கு ரைஃபிள் தூக்கி, அப்புறம் சொந்தமாக ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிய காலத்தில் செந்நாயைக் கொன்றால் பரிசுப் பணம் இருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1877-ல் ஊட்டியில் வேட்டைக்காரத் துரைமார்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காக்க ஒரு சட்டம் வந்தது. கடமானும் வரையாடும் குறைந்துகொண்டே போகிறது, இப்படியே விட்டால் நமக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது என்ற பயத்தில் வந்த சட்டம் அது. லைசென்ஸ், இந்த மாதம் சுடக்கூடாது, பெட்டையைச் சுடக்கூடாது என்று ஒழுங்கெல்லாம் கடமான், வரையாடு மாதிரி வேட்டைப் பிராணிகளுக்குத்தான். புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றன, செந்நாயைக் கொன்றவனுக்குக் கூலி வேறு. ஊட்டிக்குப் பக்கத்தில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையில் ஏறி நாய்க்கூட்டத்தை விட்டுக் குள்ளநரியை விரட்டினார்களே, அதுவும் இதே துரைமார்கள்தான். நான் சுட வேண்டிய மானைச் செந்நாய் தின்றுவிடுகிறது, அதனால் அது திருட்டு நாய் என்பதுதான் அவர்கள் கணக்கு. நீங்கள் காட்டின் நியாயம் என்று நினைத்துக்கொண்டு சொல்வது அந்தக் கணக்கைத்தான்.

இந்த மலைக்காரர்கள் செந்நாயை அப்படிப் பார்க்கவில்லை. அது அடித்த மானைக் கூச்சல் போட்டு விரட்டிவிட்டுப் பங்கு எடுத்துவருவது முதுமலைக் காட்டுப் பக்கம் பழைய வழக்கம். உங்களுக்குத் தடம் பார்த்துச் சொன்ன டிராக்கர் குறும்பர் தாத்தாவே அப்படி எடுத்து வந்திருக்கிறார், நீங்கள்தான் சொன்னீர்கள். அவருக்கு அது கறி கொடுக்கிற நாய். துரைக்கு அதுவே பீடை.

செந்நாய் உயிரோடு பிய்த்துத் தின்னும், அதைப் பார்த்தவனுக்கு அதன் மேல் இரக்கம் வராது என்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். மாயாறு போகிற வழியில் ஒரு புள்ளிமான், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் பதினைந்து கிலோ சொச்சம் இருக்கிற ஒரு நாய் தன்னைப் போலப் பல மடங்கு எடையுள்ள கடமானை வேறு எப்படித்தான் கொல்லும்? புலியைப் போலக் கழுத்தை நெரிக்க அதற்கு உடம்பில்லை. அதற்கு வேறு வழி கிடையாது மாமா, நமக்கு உண்டு. நீங்களே ஒரு மழைக்கால ராத்திரி சொன்ன விஷயம், சோலை ஓரத்தில் ஒரு செந்நாயைச் சுட்டுவிட்டீர்கள், மற்றதெல்லாம் ஓடிவிடும் என்று பார்த்தால் ஓடவில்லை, புல்வெளியில் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு விசில் அடித்துக்கொண்டே இருந்தன, விழுந்தது எழுந்து வரும் என்று கூப்பிடுகிற மாதிரி. "அன்னிக்குப் பரிசுப் பணத்தை வாங்கப் போகலை" என்றீர்கள். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

டீ மேக்கர் மாமாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பரணில் உட்கார்ந்தவர்கள், ஒரே பன்றியைப் பங்கு போட்டவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மான் வேண்டுமென்றால் செந்நாய் குறைய வேண்டும் என்பது உங்கள் கட்சி. அவரோ கறிக்குச் சுடுவார், தோட்டத்தை அழிக்கிற பன்றியைச் சுடுவார், இரை தின்னிகளைத் தொடமாட்டார். "நாமளும் அதுவும் ஒரே தொழில் பண்றவங்க. போட்டிக்கு நிக்குதுன்னு சுட்டா அதுக்குப் பேரு வேட்டை இல்ல" என்பார். அவர் ஒன்றும் இளகின மனசுக்காரர் இல்லை, கோழியைக் கண்ணிமைக்காமல் அறுப்பவர்.

குன்னூரில் வக்கீலாக இருந்த இ.ஆர்.சி. டேவிதாரும் துப்பாக்கி தூக்கினவர்தான். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவோடு சீகூர் பக்கம் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் வருடக்கணக்காக அலைந்தார், 1975-ல் வரையாடுகளை எண்ணி ஆராய்ந்தார். அவர் நினைவாகத்தான் இப்போது தமிழ்நாட்டில் அக்டோபர் 7 வரையாடு தினம். வேட்டைக்காரனுக்குத் தெரிந்த காடு வேறு யாருக்கும் தெரியாது என்று நீங்கள் சொல்வது உண்மைதான், இவர் அதற்குச் சாட்சி. அந்த அறிவை வைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். அந்த நாட்களில் இலை பறிக்கப் போன பெண்கள் கொழுந்தைப் பார்த்ததைவிட முதுகுக்குப் பின்னால் பார்த்ததுதான் அதிகம். அந்தப் புலியைச் சுட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 2024 ஜனவரியில் பந்தலூரில் அம்மாவோடு நடந்து வந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோனபோது மக்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்களிடம் போய் வனவிலங்குச் சட்டம் பேச எனக்கு வாய் வராது. நானும் லைன் வீட்டில் வளர்ந்தவன். ராத்திரி கக்கூஸுக்குப் போக அம்மா டார்ச்சோடு வாசலில் நின்றது எனக்கு மறக்காது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. மனித உயிருக்கு ஆபத்து, பிடிக்கவும் முடியாது, மயக்க மருந்து கொடுத்து இடம் மாற்றவும் முடியாது என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு போடலாம். கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற டி23 புலிக்கு அப்படித்தான் 2021-ல் உத்தரவு வந்தது, ஹைகோர்ட் உடனே கொல்ல வேண்டாம் என்றது, 21 நாள் தேடி அக்டோபர் 15-ஆம் தேதி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நீங்களும் டீ மேக்கர் மாமாவும் திண்ணையில் சண்டை போட்டது இன்னும் காதில் இருக்கிறது. "காட்டையே பார்க்காம சாகிறவரைக்கும் கூண்டுல கிடக்கிறதுக்கு ஒரு தோட்டா மேல்" என்றீர்கள். "உசுரு இருக்குல்ல, அது போதும்" என்றார் அவர். எனக்கு இதில் இன்னும் முடிவு தெரியவில்லை மாமா. பல ராத்திரி யோசித்திருக்கிறேன், சில நாள் உங்கள் பக்கம், சில நாள் அவர் பக்கம். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பேசியது ஒரு புலியைப் பற்றி. எது செய்தது, என்ன செய்தது என்று தெரிந்த ஒரு புலி.

மருந்துக்கு அது தெரியாது. 2023 செப்டம்பரில் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டைப் பறிகொடுத்த ஒருவர் அதன் உடம்பில் பூச்சி மருந்து வைத்ததாகக் கைதானார். அவருடைய மாடு போன வேதனை எனக்குப் புரிகிறது, அது பொய்யில்லை. ஆனால் மருந்து வைத்த சடலத்துக்கு முதலில் வருவது எது என்று யாருக்குத் தெரியும்? அடித்த சிறுத்தையே வரலாம், வேறு சிறுத்தை குட்டியோடு வரலாம், நரி வரலாம், காக்கா வரலாம், மேல் லைன் நாய்களும் வரும். அந்தச் சரிவுத் தண்ணீர்தான் கீழே நம் குழாய்க்கு வருகிறது.

சுருக்கும் அப்படித்தான். நாலு வருடம் முன்னால் இலை எடை போட ஒரு தோட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். பைக் கிளச் ஒயர், பன்றிக்கு வைத்தது, சிறுத்தை மாட்டிக்கொண்டது. கழுத்தில் இல்லை, இடுப்பில். அது சுற்றிச் சுற்றி இழுத்ததில் வட்டமாக மண் சட்டிபோலக் குழிந்திருந்தது. கைக்கு எட்டிய தேயிலைச் செடியெல்லாம் பட்டை உரிந்து வெள்ளையாக நின்றது. ஒயரைக் கடித்துக் கடித்து வாய் முழுக்க ரத்தம். எங்களைப் பார்த்து உறுமக்கூட இல்லை, தலையை மண்ணில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் வாங்கியது. மயக்க ஊசி போட டாக்டர் வருவதற்குள் அடங்கிவிட்டது. வைத்தவன் அன்றைக்கு எங்கே இருந்தானோ, அவன் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது உங்கள் கதை ஒன்றை உங்களுக்கே சொல்கிறேன். துரை சுட்ட சிறுத்தை வயிற்றில் காயத்தோடு உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. துரை பங்களாவுக்குத் திரும்பிவிட்டார். நீங்களும் டீ மேக்கர் மாமாவும் இரண்டு நாள் அந்தப் புதரைச் சுற்றியே கிடந்தீர்கள். டிராக்கர் தாத்தா கல்லைப் போட்டுப் பார்ப்பார், சத்தம் வராது, நாலடி போவீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அது உங்கள் மேல் பாய்ந்தபோது சுட்டு முடித்தீர்கள். இடது தோளில் தையல் போட்ட தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நான் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்டதற்கு, "சுட்டா முடிக்கணும்டா, அது வலியோட கிடக்கிறப்ப நமக்கு எப்படிச் சோறு இறங்கும்" என்றீர்கள். செந்நாய் விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இதைச் சொன்ன ஆள் மருந்துப் பேச்சைக் கேட்டு டீயை உறிஞ்சிக்கொண்டு இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடச்சொல்லலாமே என்கிறார்கள். மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் அப்படி நிறையச் சிறுத்தைகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள், ஆள் மேல் பாய்வது கூடியதுதான் மிச்சம். பழகிய இடத்தை விட்டுப் பிரித்த மிருகம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே இருக்கிற சிறுத்தைக்கு இந்தத் தோட்டம் எல்லை. நாள்பூராவும் அதே தேயிலைக்குள் படுத்திருந்து ராத்திரி நாய்க்கும் பன்றிக்கும் வருகிறது. இலை வண்டியில் திரும்பும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது ரோட்டைத் தாண்டுவதைப் பார்க்கிறேன். அது பன்றியை ஒழித்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பீன்ஸையும் கிழங்கையும் தோண்டிப் போடுகிற பன்றியைத் தின்கிறதில் அதுவும் ஒன்று.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன்கள் நான் சொன்னால் சிரிப்பார்கள், கார்டு சொன்னால் முறைப்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். புதர்க் கதையை அவர்களிடம் சொல்லுங்கள், தழும்பையும் காட்டுங்கள். அடுத்த தடவை ஏதாவது அடித்தால் சடலத்தை இழுக்காமல், தொடாமல் உடனே வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள், கால்நடை டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் நஷ்டஈடு நகராது. அந்த அக்காவுக்கு மனு எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். கொட்டகைக்குக் கதவு இல்லாததுதான் முதல் பிரச்சினை, கன்றை வெறும் மூங்கில் தட்டியில் கட்டியிருந்தார்கள். என்னிடம் பழைய தகர ஷீட் ஆறு கிடக்கிறது, கீலும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், இறக்க இரண்டு பையன்களை நிறுத்தி வையுங்கள், மருந்து வைக்கலாம் என்று சொன்னவனே வந்தாலும் நல்லதுதான். மதியம் சாப்பாடு உங்கள் வீட்டில்தான், அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகன்