‘டர்ன் டவுன்’ என்று எழுதாதே, மகளே

அன்புள்ள மகளுக்கு,

வேலை வேண்டாம் என்று சொல்லி அந்த நிறுவனத்துக்கு நீ எழுதிய கடிதத்தின் வரைவைப் படித்தேன். உன் முடிவில் தலையிட மாட்டேன். வந்த இரண்டு வாய்ப்புகளில் எது உனக்குத் தோதானது என்பதை நீயே நன்கு அறிவாய். ஆனால் முதல் வரியிலேயே ‘ஐ டர்ன் டவுன் யுவர் ஆஃபர்’ என்று போட்டிருக்கிறாயே, அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கில இலக்கணம் நடத்தியே தலை நரைத்தவளிடம் கடிதத்தைக் காட்டினால் இப்படித்தான் ஆகும்.

இலக்கணப் பிழை என்று சொல்லவில்லை. அகராதியைப் புரட்டினால் டர்ன் டவுனுக்கு நேரே ரெஃப்யூஸ், ரிஜெக்ட், டிக்ளைன் என்று மூன்றும் வரிசையாக நிற்கும். சத்தத்தைக் குறைப்பது, அடுப்பின் தணலைத் தணிப்பது என்ற வேறு பொருள்களும் அதற்கு உண்டு. அவை இப்போது நமக்கு வேண்டாம். மறுப்பு என்ற பொருளில் அது நடந்து முடிந்த ஒன்றை மூன்றாம் ஆளிடம் சொல்வதற்கான சொல். உன் தோழியிடம் ‘அந்த வேலையை டர்ன் டவுன் செய்துவிட்டேன்’ என்று தாராளமாகச் சொல். வேலையை நீட்டியவரிடமே அதைச் சொன்னால், நம் ஊடகக்காரர்கள் எழுதும் ‘நிராகரித்தார்’ என்ற செய்தித் தலைப்பை அவர் கையிலேயே கொடுப்பது போல இருக்கும்.

ரிஜெக்ட் அதைவிடக் கடுமை. லத்தீனில் அதன் வேர்ப்பொருள் ‘திருப்பி எறிவது’. தரச் சோதனையில் தேறாத சரக்கை ரிஜெக்ட் செய்கிறார்கள். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஏற்காவிட்டால் மருத்துவர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். எடைபோட்டுப் பார்த்துத் தகுதியில்லை என்று தள்ளும் தொனி அதில் இருக்கிறது. உனக்கு வேலை கொடுக்க முன்வந்தவர்களை நீ எதற்கு எடைபோட வேண்டும்? ஸ்பர்ன் என்று ஒன்று உண்டு, பழைய ஆங்கிலத்தில் காலால் உதைப்பது என்று பொருள். அதைக் கதைகளோடு விட்டுவிடு.

ரெஃப்யூஸில் பிடிவாதம் தெரியும். சாட்சி சொல்ல மறுத்தார், இடத்தைவிட்டு நகர மறுத்தார் என்பதற்கெல்லாம் அதுவே பொருத்தம். இன்னொரு வேடிக்கை, முதல் அசையை அழுத்திச் சொன்னால் அதே எழுத்துகள் குப்பை என்ற பெயர்ச்சொல்லாகிவிடும்.

கடைசியாக டிக்ளைன். லத்தீனில் சாய்ந்து விலகுவது என்ற பொருளிலிருந்து வந்தது. மோதாமல் ஒதுங்கிக்கொள்ளும் பணிவு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழைப்பு, விருது, பதவி எதுவானாலும் கொடுத்தவர் மனம் நோகாமல் விலக அதுவே ஏற்றது. கணக்கில் பணமில்லாத அட்டையைச் செருகினால் இயந்திரம்கூட ‘டிக்ளைன்ட்’ என்று நயமாகத்தான் சொல்கிறது! ஒரு சின்ன வேறுபாடும் உண்டு. ரெஃப்யூஸ், டிக்ளைன் இரண்டுக்கும் பின்னால் ‘டு’ சேர்த்து ஒரு வினைச்சொல்லைக் கொண்டுவரலாம்; கருத்துச் சொல்ல மறுத்தார் என்பதை அப்படித்தான் எழுதுவார்கள். டர்ன் டவுனுக்கும் ரிஜெக்டுக்கும் அந்த வசதி இல்லை. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் ‘டர்ன் இட் டவுன்’ என்று நடுவில்தான் போட வேண்டும், கடைசியில் அல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டேன், ஆனால் நல்ல மறுப்புக் கடிதத்தில் இந்தச் சொற்கள் எதுவுமே இல்லாமலும் போகலாம். 1952ஆம் ஆண்டு இஸ்ரேல் தன் குடியரசுத் தலைவர் பதவியை ஐன்ஸ்டீனுக்கு அளிக்க முன்வந்தபோது அவர் எழுதிய பதிலைப் பார். இந்த அழைப்பு தன்னை ஆழமாக நெகிழவைத்தது என்றார். அதை ஏற்க முடியாததற்காக வருத்தமும் வெட்கமும் அடைவதாகச் சொன்னார். மனிதர்களோடு பழகி நிர்வாகம் செய்யும் இயல்பும் அனுபவமும் தனக்கு இல்லை என்று காரணத்தையும் தன் பக்கமே வைத்துக்கொண்டார். ‘ஏற்க இயலவில்லை’ என்பதுதான் அவர் பிடித்த இழை. அவ்வளவு பெரிய மனிதருக்கே அது போதுமானதாக இருந்தது.

பெரெல்மேன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் 2006இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010இல் பத்து லட்சம் டாலர் பரிசையும் ஏற்க மறுத்தார். அதைச் செய்தியாக எழுதுபவர் டர்ன் டவுன் என்று போட்டால் குற்றமே இல்லை. எழுதுபவர் வேறு, மறுப்பவர் வேறு அல்லவா?

ஆகவே உன் வரைவில் முதல் வரியை மாற்றினேன். முதலில் நன்றி, பிறகு ஏற்க இயலவில்லை, பிறகு ஒரே வரியில் காரணம். காரணத்தை மூன்று பத்தியாக நீட்டியிருந்தாய், வெட்டிவிட்டேன். சம்பளம் குறைவு என்று எழுதியிருந்த இடத்தையும் எடுத்துவிட்டேன். அது உண்மையாகவே இருக்கட்டும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று மாலைக்குள் அனுப்பிவிடு. அந்த இடத்துக்கு அவர்கள் அடுத்தவரை அழைக்க வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று இழுக்காதே.

அன்புடன்,
அம்மா