பழையசோற்றுத் திருடன்

அன்புள்ள கயல்,

கரப்பான்பூச்சிக்கு அசாமியப் பேச்சில் என்ன பெயர் என்று குட்டி கேட்டதற்கு, 'தேலாபோகா' என்று சொன்னாயாமே! அது வங்காளம்மா. நம் குவாஹாட்டி மாலிகாவ் பக்கம் அது 'பொயிதாஸோரா'. 'பொயி' என்னும்போது சத்தம் கொஞ்சம் மூக்கில் வர வேண்டும்.

பொயிதா என்றால் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோறு. கடுகெண்ணெய், வெங்காயம், சுட்ட மிளகாய் போட்டுப் பிசைந்து பக்கத்து வீட்டுப் பெயித்தேவ் உனக்கு ஊட்டிவிட்டாளே, அதேதான். ஸோர் என்றால் திருடன். தமிழிலும் சோரன் என்கிறோமே, அந்த வடசொல்தான். அசாமியர் வாயில் 'ச' எல்லாம் 'ஸ' ஆகிவிடும். வங்காளத்தில் அது எண்ணெய்ப்பூச்சி. இங்கே பழையதைத் திருடுகிற ஆள். விடியற்காலையில் சட்டி மூடியைத் தூக்கினால் விளிம்பில் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்குமே, அதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

இலக்கணமும் சொல்லிக்கொடு. இரண்டு பெயர்ச்சொற்கள், நடுவில் உருபு கிடையாது, கடைசியில் ஓர் 'ஆ'. வெறும் 'ஸோர்' மனிதத் திருடன். அந்த 'ஆ' சேர்ந்து, முன்னால் சோறும் வந்தால்தான் பூச்சி. குறிப்பிட்ட ஒன்றைச் சொல்ல 'தொ' சேர்க்க வேண்டும்: பொயிதாஸோராதொ. மரியாதைக்குரிய ஆணுக்கு 'ஜொன்', பெண்ணுக்கு 'ஜொனி', பசுவுக்கும் அதே 'ஜொனி', புத்தகம்போலத் தட்டையானதற்கு 'கொன்'. குட்டி இதைத்தான் அடிக்கடி மாற்றிச் சொல்கிறாள், பொறுமையாகத் திருத்து.

பல பூச்சிகள் என்றால் பள்ளிப் புத்தகத்தில் 'போர்' வரும். பெயித்தேவ் நல்பாரிக்காரி, அவள் பேச்சில் 'கிலா'. மேற்கு அசாமின் அந்தக் காமரூபிப் பேச்சில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும். கிழக்கு அசாமில் கடைசிக்கு முந்தைய அசையில். மொழியறிஞர் பாணிகாந்த காகதி 1941இல் வந்த தன் நூலிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். நீ சின்ன வயதில் பேசியது காமரூபி. அதை விட்டுவிடாதே, வீட்டில் குட்டியிடம் அதையே பேசு, புத்தக மொழியைப் பின்னால் படித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், மின்மினிக்கு 'ஜொனாகி பொருவா'. ஜொனாக் நிலவொளி, பொருவா எறும்பு. இதையும் அவளுக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பெயித்தேவையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன், குட்டி அவளிடம் நேராகவே சொல்லிக் காட்டட்டும்.

அன்புடன்,
அம்மா